குழியிலேயே தங்கிவிடும் வயது

கடலூர் மாவட்டக் காவல் ஆய்வாளர்களுக்கும் வட்டாட்சியர்களுக்கும் வணக்கம்.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பிலோ, கடலோரச் சவுக்குத் தோப்பிலோ, கெடிலம் ஆற்று மணலிலோ மனித எலும்பு கிடைத்தால் சாக்கில் கட்டி, எலும்பைப் பார்த்து ஆள் அடையாளம் சொல்லும் எங்களுக்கு அனுப்புகிறீர்கள். ஆணா பெண்ணா, வயது என்ன என்று கேள்வியும் சேர்ந்து வருகிறது. வயதுக்கான விடை பல நேரம் அந்தச் சாக்கில் இருப்பதில்லை. குழியிலேயே கிடக்கிறது.

வளரும் பிள்ளைகளின் நீள எலும்புகளில் முனைகள் தனித் துண்டுகள். நடுவில் இருக்கும் குருத்தெலும்பு மக்கியதும் அவை கழன்றுவிடும். தொடை எலும்பின் தலை கூழாங்கல் மாதிரி உருண்டு கிடக்கும்; சிறு பிள்ளைகளின் விரல் முனைகளோ துவரம்பருப்பு அளவுதான். கல் என்று நினைத்து மண்வெட்டிக்காரர் ஒதுக்கிவிடுவார். ஆனால் எந்த முனை ஒட்டியிருக்கிறது, எது ஒட்டவில்லை, எதில் கோடு மட்டும் மிச்சம் என்று பார்த்துத்தான் 12-க்கும் 20-க்கும் இடையே வயதைப் பிரிக்க முடியும். முழங்கை முனைகள் முதலில் ஒட்டும். மணிக்கட்டும் தோளும் கடைசியில். இறந்தவர் 18-ஐத் தாண்டியவரா என்பதை வைத்து வழக்கே வேறாகும் இடத்தில், ஒரு பருப்பளவு எலும்பு தவறினாலும் நஷ்டம் பெரிது.

எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒட்டுவது காறை எலும்பின் உள்முனை, நெஞ்செலும்பைத் தொடும் பக்கம். அங்கே மீன் செதில் போல ஒரு மெல்லிய தகடு பதின்ம வயதின் இறுதியில் உருவாகி, இருபதுகளில் மெல்ல ஒட்டும். கோடுகூடத் தெரியாமல் ஒட்டியிருந்தால் இருபதைத் தாண்டியவர் என்று துணிந்து எழுதலாம். அந்த முனை உடைந்து வந்தால் எழுத முடியாது.

வளர்ந்தவர்களுக்கு நாங்கள் முதலில் தேடுவது, இடுப்பெலும்புகள் இரண்டும் அடிவயிற்றுக்குக் கீழே முன்புறம் சந்திக்கும் முகத்தை. அலை வடிந்தபின் தேவனாம்பட்டினம் மணலில் வரி வரியாக நிற்குமே, இளவயதில் அந்த முகம் அப்படித்தான் இருக்கும். வயது ஏற ஏற வரிகள் மழுங்கும், சுற்றிலும் ஓர் உதடு கட்டும், பிறகு அந்த உதடும் சிதைந்து, முகத்தில் பொத்தல் விழும். 1990-இல் வெளியான சூச்சி-புரூக்ஸ் முறை இதை ஆறு கட்டமாகப் பிரிக்கிறது. ஆண்களின் நான்காம் கட்டத்துக்குச் சராசரி 35.2, வீச்சோ 23 முதல் 57 வரை. அதுவும் அமெரிக்க உடல்களைப் பார்த்து வகுத்தது. ஆகவே "ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். 35 என்று எழுதி வாங்கி, காணாமல் போனோர் பட்டியலில் 33 முதல் 37 வரை மட்டும் தேடினால், பட்டியலிலேயே இருக்கும் 48 வயதுக்காரரை யாரும் தேடமாட்டார்கள். படிவத்தில் வயதுக்கு இரண்டு கட்டம் வையுங்கள்: குறைந்தது, கூடியது.

இடுப்பின் அந்த முகமும் விலா எலும்புகளின் முன்முனைகளும் பஞ்சு போன்றவை. நாயும் நரியும் முதலில் கடிப்பது அங்கேதான். குழியில் இல்லையென்றால் சுற்றுவட்டாரப் புதரையும் நாய் பறித்த பள்ளங்களையும் பாருங்கள். விலாவில் நான்காவதுதான் எங்களுக்கு முக்கியம். அது எதுவென்று எண்ணிப் பார்க்க எல்லா விலாவும் வேண்டும்.

மண்டையோட்டை மட்டும் பத்திரமாக எடுத்து மற்றதை விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. அதன் பொருத்துக் கோடுகள் வயதுக்கு நம்பகமானவை அல்ல, உதவுவது பல். ஒற்றை வேர்ப் பற்களில் வேர் நுனியிலிருந்து கண்ணாடி போலத் தெளியும் பகுதியையும் ஈறு இறங்கிய அளவையும் வைத்துக் கணக்கிடும் லாமெண்டின் முறை 1992-இல் வந்தது. அதில் இரண்டுமே சுழியமாக இருந்தாலும் விடை 25.53 என்று வரும். அதனால் இளையவர்களுக்கு அது பொருந்தாது. தாடையிலிருந்து சுலபமாகக் கழன்று மண்ணில் விழுவதும் இதே ஒற்றை வேர்ப் பற்கள்தான். கிடைத்தவற்றைப் பசை போட்டுத் திரும்ப ஒட்டவேண்டாம், வேர் மறைந்துவிடும்.

ஜேசிபி வேண்டவே வேண்டாம். எலும்புக்குக் கீழே ஒரு சாண் ஆழம்வரை மண்ணை எடுத்து, 2 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சலியுங்கள். கட்டட வேலைக்கு மணல் சலிக்கும் வலையில் பாதி நழுவிவிடும். இரண்டு கை, இரண்டு பாதம், நான்கும் தனித்தனிக் காகிதப் பையில், இடம் வலம் எழுதி வரட்டும். பாலிதீன் பையில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கடலோர எலும்பை வெயிலில் காயப்போட்டால் உள்ளிருக்கும் உப்பு படிகமாகி மேல்தோலைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும், நாங்கள் பார்க்க வேண்டிய முகம் அதோடு போகும். நிழலில் காற்றாட வைத்து, உப்பு நிலத்தில் எடுத்தது என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். உப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

காறை முனை வரவில்லை, இடுப்பின் முன்பக்கம் வரவில்லை என்று நாங்கள் தகவல் சொன்னால், குழியை மூடாமல் அன்றோ மறுநாளோ மறுபடி சலிக்க ஆள் அனுப்புங்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கெடிலக் கரையில் குழி இருந்த இடமே தெரியாது.