செயலாளரின் ஆண்டறிக்கை: வகுப்பறையில் வலைப்பதிவும் விக்கியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களாகிய ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தேர்வுக் காலம் தவிர மற்ற மாதங்களில் செயற்குழு தவறாமல் கூடியது. புதிய உறுப்பினர்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். பணி ஓய்வு பெற்றவர்களில் பலர் விலகாமல் தொடர்வது நமக்குப் பெரிய பலம். சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார். அவர் பேசினால்தான் எடுபடும்.

இந்த ஆண்டின் உழைப்பில் பெரும்பகுதி ஒரே காரியத்துக்குப் போனது. வகுப்பில் வலைப்பதிவையும், பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் வலைப்பக்கங்களான விக்கியையும் நடத்திப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி சென்ற பொதுக்குழு பணித்திருந்தது. அதற்கான துணைக்குழுவில் மொழி, அறிவியல், கணிதம், வரலாறு என எல்லாப் பாட ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர்கள் தந்த குறிப்புகளை வைத்தே இந்த அறிக்கையை எழுதியிருக்கிறேன். இடையிடையே என் கருத்தும் வரும், பொறுத்தருள்க.

"இதெல்லாம் பழசாயிற்றே, இப்போது எதற்கு?" என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். பழசுதான். அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியை இணையத்தில் ஏற்றியது 1995 மார்ச்சில். வலைப்பதிவு நடத்த உதவும் பிளாகர் 1999இலும் வேர்ட்பிரஸ் 2003இலும் வந்தன. தமிழ் விக்கிப்பீடியாவும் 2003இல் தொடங்கியதுதான். ஆனால் பள்ளிக்கு இந்தப் பழமை ஒரு வசதி. மென்பொருள் முதிர்ந்துவிட்டது, அரதப் பழசான கணினியிலும் ஓடுகிறது. டோக்குவிக்கி போன்ற விக்கி மென்பொருள்கள் தரவுத்தளம் கூடக் கேட்பதில்லை. பக்கங்களைச் சாதாரண உரைக் கோப்புகளாகவே சேமித்துக்கொள்கின்றன. கணினி அறையில் ஒரு கணினியில் அதை நிறுவிவிட்டால், இணையம் இல்லாத நாளிலும் மற்றக் கணினிகளிலிருந்து வகுப்பு எழுதலாம். துணைக்குழு பெரும்பாலும் இந்த வழியில்தான் போனது.

முதல் பருவத்தில் வந்த சிக்கல்களில் பாதி, எதற்கு எது என்று தெரியாமல் தொடங்கியதால் வந்தவை. வலைப்பதிவில் புதிய இடுகை மேலே நிற்கும், பழையது கீழே இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஓர் ஆள். விக்கியில் பக்கம் யாருக்கும் சொந்தமில்லை. நேற்று எழுதியதை இன்று திருத்தினால் பக்கம் ஒன்றுதான். ஒரு வகுப்பில் கணிதக் கலைச்சொற்களை வலைப்பதிவில் போட்டார்கள். ஒரே சொல்லுக்கு நான்கு இடுகைகளில் நான்கு விளக்கம், எது கடைசியாக ஒப்புக்கொண்டது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு வகுப்பில் விதை முளைப்பதைக் கவனித்து எழுதும் நாட்குறிப்பை விக்கியில் தொடங்கினார்கள். பிள்ளைகள் முந்தின நாள் அளவை அழித்துவிட்டு அன்றைய அளவை எழுதினார்கள்! வளர்ச்சி வரைபடம் போட வேண்டிய வேளையில் பக்கத்தில் இருந்தது ஒரே ஓர் எண். நல்லவேளை, பழைய வடிவங்களையெல்லாம் விக்கி சேமித்து வைக்கும் பக்க வரலாற்றிலிருந்து எல்லா அளவுகளையும் மீட்டுவிட்டார்கள். அடுத்த பருவத்தில் இரண்டையும் இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். செயற்குழுவில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது இதுதான், கொஞ்சம் சூடாகவும் போனது. குழுவாக எழுதிய பக்கத்துக்கு யாருக்கு எத்தனை மதிப்பெண்? விக்கியில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று பக்க வரலாறு காட்டிவிடுமே, அதைப் பார்த்துப் போட்டுவிடலாம் என்பது ஒரு தரப்பின் வாதம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்த மறுநாளே காற்புள்ளியைச் சேர்ப்பதும் எடுப்பதுமாகத் திருத்தங்கள் குவிந்தன. எண்ணிக்கை வேண்டாம், விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கி ஒவ்வொரு திருத்தத்துக்கும் அருகில் காட்டும் பைட் அளவை, அதாவது எழுத்து கணினியில் பிடிக்கும் இடத்தின் அளவைப் பார்ப்போம் என்றார் ஒருவர். அதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, மேலே ஏறும் குறிக்கு ஒன்று. 'தமிழ்' என்று தமிழில் எழுதினால் 15 பைட், அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5. தமிழில் எழுதியவர் சும்மா இருந்தே மூன்று மடங்கு உழைத்தவராகிவிடுவார். தமிழாசிரியர்கள் இந்த முறையை எதிர்க்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இதைவிடப் பெரிய சிக்கல், பக்க வரலாறு கணக்கின் பெயரைத்தான் காட்டும், யோசித்தவரைக் காட்டாது. நான்கு பேர் ஒரு கணினி முன்னால் உட்கார்ந்தால் தட்டச்சு வேகமாக வருகிறவரின் கைக்கே விசைப்பலகை போகும். பக்கம் முழுவதும் அவர் பெயரில் ஏறும். பக்கத்தில் நின்று "அது அப்படி இல்லை, மாற்று" என்று சொன்ன பிள்ளை எங்குமே இருக்காது. தமிழ்99 விசைப்பலகை முறை பழகிய பிள்ளைகளுக்கும் ஒவ்வோர் எழுத்தாகத் தேடுகிற பிள்ளைகளுக்கும் உள்ள இடைவெளியும் இதில் சேர்ந்துகொள்கிறது.

கடைசியில் துணைக்குழு ஒரு நடைமுறைக்கு வந்தது. பருவ முடிவில் ஒவ்வொரு மாணவரும், தாம் செய்த அல்லது தம் சொல்லால் நடந்த திருத்தங்களில் இரண்டைத் தாமே தேர்ந்தெடுத்து, முன்பு எப்படி இருந்தது, ஏன் மாற்றினோம் என்று எழுதித் தர வேண்டும். அதற்கு மட்டும் தனி மதிப்பெண். பக்கத்துக்குப் பொது மதிப்பெண், எல்லோருக்கும் ஒன்றே. இதற்கும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் இந்த ஆண்டு நாம் கண்டுபிடித்ததில் உருப்படியானது இதுவே என்பது என் எண்ணம். காற்புள்ளித் திருத்தங்கள் அதோடு நின்றுபோயின.

பிள்ளைகள் அடுத்தவர் வாக்கியத்தைத் தொடத் தயங்குகிறார்கள் என்பதையும் எல்லா வகுப்பிலும் பார்த்தோம். தோழி எழுதியதை அழிப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து அதன் கீழே தங்கள் வாக்கியத்தைச் சேர்க்கிறார்கள். பக்கம் நீண்டுகொண்டே போகிறது, ஒரே செய்தி மூன்று முறை வருகிறது. வரலாற்று ஆசிரியர் ஒருவர் இதற்கு 'வெட்டும் வாரம்' என்று ஒன்றை வைத்தார். அந்த வாரம் புதிதாக ஒரு வரியும் எழுதக் கூடாது. வெட்டலாம், இரண்டை ஒன்றாக்கலாம், இடம் மாற்றலாம். பழைய வடிவம் வரலாற்றில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும் தயக்கம் போய்விட்டது. கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது எனலாம். இருவர் மாறி மாறி ஒருவர் திருத்தத்தை மற்றவர் மீளமைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்று விதி உண்டு. நம் வகுப்புகளுக்கு ஒரு முறை போதும் என்று வைத்தோம். அதற்கு மேல், ஒவ்வொரு விக்கிப் பக்கத்தோடும் விவாதத்துக்கென இருக்கும் உரையாடல் பக்கத்தில் பேசித்தான் ஆக வேண்டும். அப்படிப் பேசியதில் சிலவற்றைப் படித்தேன். பாடக் கட்டுரைகளைவிட அவை நன்றாக இருந்தன.

வலைப்பதிவில் தொல்லை வேறு மாதிரி. எழுதுவதற்குப் பஞ்சமில்லை, படிக்கத்தான் ஆளில்லை. மறுமொழி என்றால் "அருமை", "சூப்பர்" என்பதோடு முடிந்துவிடும். மறுமொழியில் கேள்வி ஒன்று கட்டாயம் என்று வைத்த வகுப்பில் நிலைமை தேறியது. எல்லோரும் வாரந்தோறும் எழுதினால் ஆசிரியரால் படித்து மாளாது. முறை வைத்து வாரத்துக்கு ஐந்து பேர் எழுத, மற்றவர்கள் மறுமொழி இடுவது நடக்கக்கூடிய ஏற்பாடு.

வெளியுலகம் படிக்கும்படி வைக்கலாமா என்ற கேள்விக்கு ஸ்காட்லாந்து நிகழ்ச்சியை ஒருவர் நினைவூட்டினார். 2012இல் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் பள்ளி மதிய உணவைப் படமெடுத்து வலைப்பதிவில் மதிப்பிட்டு வந்தாள். உள்ளாட்சி நிர்வாகம் படமெடுக்கத் தடை போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் தடையை விலக்கிக்கொண்டது. பிள்ளையின் எழுத்துக்கு இத்தனை பலம் உண்டா என்று சிலர் மகிழ்ந்தார்கள். இத்தனை பேர் கண் ஒரு குழந்தைமேல் விழ வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். இரண்டு கேள்வியும் நியாயமானவை. நாம் எடுத்த முடிவு: வகுப்பு வலைப்பதிவு வகுப்புக்கும் பெற்றோருக்கும் மட்டும் திறந்திருக்கும், புனைபெயரில் எழுதலாம், முகம் தெரியும் படம் கூடாது, மறுமொழிகளை ஆசிரியர் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். பொதுச் சேவைகளில் கணக்குத் தொடங்குவதற்கு முன் வயது விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் இணையத் தனியுரிமைக்கு அமெரிக்கா 1998இல் இயற்றிய சட்டத்தால், பல சேவைகள் 13 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை.

அப்புறம் படங்கள். தேடுபொறியில் கிடைத்ததை எடுத்து ஒட்டும் பழக்கம் பிள்ளைகளைவிட நம்மிடம்தான் அதிகம். கட்டற்ற உரிமத்தில் படங்கள் கிடைக்கும் விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து எடுத்து, படைத்தவர் பெயரையும் உரிமத்தையும் கீழே எழுதும்படி சுற்றறிக்கை அனுப்பினோம்.

2005இல் தொடங்கிப் பள்ளிகளில் வெகுவாகப் பரவிய விக்கிஸ்பேசஸ் என்ற இணையச் சேவை, 2018இல் தன் இலவச வகுப்பு விக்கிகளை மூடியதை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். எனவே எந்தச் சேவையில் எழுதினாலும் பருவ முடிவில் முழுவதையும் இறக்கிப் பள்ளிக் கணினியில் ஒரு படி வைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. ஒருவரும் எதிர்க்காத தீர்மானம் இந்த ஆண்டில் இது ஒன்றுதான்.

கையெழுத்துப் பத்திரிகையே போதும், இதற்கு இவ்வளவு பாடு எதற்கு என்று உறுப்பினர் ஒருவர் சொன்ன மாற்றுக் கருத்தையும் அவர் விரும்பியபடி குறிப்பேட்டில் பதிவு செய்துள்ளோம். அவர் வகுப்பின் பத்திரிகை நன்றாக இருக்கிறது என்பதால் வாதாடுவது கடினம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள். கால அட்டவணையில் வாரம் ஒரு பாடவேளையை விக்கிக்கென ஒதுக்கும்படி தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்வது; வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் கணினி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே எழுதுகிறார்கள். மற்றொன்று, வேண்டும் என்கிற ஆசிரியர்களுக்குத் தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி. பெயர் தர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் தரலாம்.

துணைக்குழுவினருக்கும், கணினி அறையைத் திறந்துவிட்டுக் காத்திருந்த பணியாளர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்று, மேற்கண்ட இரண்டு முன்மொழிவுகளையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி அவையைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன் பொருளாளர் கணக்கை வாசிப்பார்.

செயலாளர்