எதிர்வீட்டுப் பூனைக்கு மன்னிப்பு, மற்ற எல்லோருக்கும் நன்றி

எங்கள் தெருக்காரர்களுக்கும், தெருவுக்கு வெளியிலிருந்து ஓடிவந்து உதவியவர்களுக்கும் வணக்கம்.

செப்டம்பரிலிருந்து பொங்கலுக்குள் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் மூன்று பறவைகள் அடிபட்டன. ஒன்று செத்துப்போனது. மற்ற இரண்டும் பிழைத்தது உங்களால். நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். வாசலில் பேச நின்றால் தண்ணீர் லாரியில் தொடங்கிப் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் எதிர்வீட்டு மாமிக்கு. செப்டம்பரில் எங்கள் தென்னை மரத்தடியில் ஒரு மீன்கொத்தி செத்துக் கிடந்தது. செந்தவிட்டுத் தலை, வெள்ளை மார்பு, முதுகெல்லாம் பளீரென்று நீலம். பார்த்த மாத்திரத்தில் உங்கள் பூனைதான் என்று முடிவுகட்டிவிட்டேன். முடிவுகட்டியதோடு நிற்காமல் கேட்டருகே வந்து உங்களிடம் உரக்கவும் பேசினேன். நீங்கள் பதிலே சொல்லாமல் உள்ளே போனீர்கள். பிறகு ஒரு வாரம் அந்தப் பூனையை வெளியே விடவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. மாமி, அந்தப் பறவையின் உடம்பில் ஒரு பல் தடமும் இல்லை, ஒரு சொட்டு ரத்தமும் இல்லை. தூக்கியபோது கழுத்து மட்டும் துவண்டு தொங்கியது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் உங்கள் பூனையைத் திட்டியிருக்கிறேன். பூனைகள் பறவைகளைப் பிடிப்பது உண்டுதான். ஆனால் இதில் அதற்குச் சம்பந்தமில்லை.

உண்மை தெரிந்தது அக்டோபர் நடுவில். விடிகாலை ஐந்தரை இருக்கும். மாடி ஜன்னலில் யாரோ பந்தெறிந்த மாதிரி 'தொப்'. கீழே போய்ப் பார்த்தால், மருதாணிச் செடி ஓரத்தில் கைக்குள் அடங்குகிற ஒரு பறவை, வாலே இல்லையோ என்று தோன்றும் அளவுக்குக் குட்டை வால். பச்சை முதுகு, இறக்கையில் ஒரு நீலத் தீற்றல், சந்தன நிற மார்பு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அலகில் ஊற்றப் போனேன்.

கையைப் பிடித்துத் தடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. "ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிடும்." அவர்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பறவைமேல் போர்த்தி, இரு கையாலும் அள்ளி, செருப்பு டப்பாவில் வைத்து மூடினார். மூடியில் கத்தரிக்கோலால் நாலு ஓட்டை. அதற்குள் மதில்மேல் ஏழெட்டுக் காக்கை. அக்கா, உங்களுக்கு அன்று காலை ஷிப்ட் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸை விட்டுவிட்டு ஒன்பது மணி வரை காக்கை விரட்டிக்கொண்டு நின்றீர்கள்.

அடுத்து, மூன்றாவது வீட்டு மாடியில் குடியிருக்கும் கல்லூரித் தம்பிக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் பைனாகுலரோடு நன்மங்கலம் காட்டுப் பக்கம் போகிறவரைப் பார்த்து 'வேலையத்த பையன்' என்று நினைத்திருக்கிறேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டப்பாவை ஒரு விரல் அகலம் திறந்து பார்த்ததுமே "ஆறுமணிக்குருவி அங்கிள்" என்றார். காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் விசிலடிப்பதுபோல் கத்துவதால் அந்தப் பெயராம். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வருவது. ராத்திரியில் பறந்து வரும். அத்தனை தூரம் வந்து எங்கள் வீட்டு ஜன்னலில் முட்டிக்கொண்டிருக்கிறது.

தம்பி மாடிக்குப் போய் ஜன்னலை வெளியிலிருந்து காட்டினார். போன கோடையில் வெயில் தாங்காமல் முன்பக்கக் கண்ணாடி எல்லாவற்றிலும் பளபளக்கும் ஃபிலிம் ஒட்டினோம். உள்ளிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளியே நின்றால் எங்கள் மாமரம் முழுசாக அதற்குள் நிற்கிறது, பின்னால் வானமும். பறவைக்கு அது கண்ணாடி இல்லை, இன்னொரு தோட்டம். அதில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது, சந்தன நிறம், நகக்கண் அளவுதான். இரண்டு ஜன்னல் தள்ளி, தென்னைக்கு நேர் மேலே, தூசிப் படலத்தில் இன்னொரு பழைய தடம். அதில் நீல இழை ஒன்று.

போதாததற்கு, திருட்டுப் பயத்தில் போர்ட்டிகோவில் விடிய விடிய எரியும் ஃப்ளட் லைட். இரவில் பயணம் போகும் பறவைகள் இந்த மாதிரி வெளிச்சத்தில் திசை தடுமாறித் தாழ இறங்கிவிடுமாம். ஆக, விளக்குப் போட்டு வரவழைத்ததும் நாங்கள், கண்ணாடி வைத்து அடித்ததும் நாங்கள். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடியிலிருந்து 98 கோடிப் பறவைகள் வரை கட்டடங்களில் மோதிச் சாவதாக 2014இல் ஒரு கணக்கு வந்ததாம். நான் மாமி வீட்டுக் கேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

ஒன்பதரைக்கு டப்பாவுக்குள் படபடவென்று சத்தம். ஜன்னல்களுக்கு எதிர்ப்புறம், மாமரத்தடிச் சருகுக் குவியல் பக்கத்தில் வைத்து மூடியை எடுத்தோம். ஒரு நிமிடம் அசையவில்லை. பிறகு துள்ளி வெளியே வந்து, எங்களை யாரென்றே மதிக்காமல் ஒரு சருகைப் புரட்டிப் போட்டுவிட்டு வேலியோரம் ஓடி மறைந்தது. என் மகள் அதை வளர்க்கலாம் என்று அழுதாள். காட்டுப் பறவையை வீட்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று தம்பி சொன்னது அவளிடம் எடுபடவில்லை. "அதுக்கு இன்னும் பாதி ஊர் போகணும்" என்று அக்கா சொன்னதும்தான் ஓய்ந்தாள்.

கண்ணாடிக்கு வைத்தியம் செய்தது என் அம்மா. ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டினால் பிரயோஜனமில்லை, இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வேண்டும், அதுவும் வெளிப்பக்கத்தில் என்றார் தம்பி. புள்ளி என்று காதில் விழுந்ததுமே அம்மா எழுந்துவிட்டார். வெள்ளை பெயிண்டும் பட்ஸ் குச்சியும்தான். ஐம்பது வருடம் வாசலில் கோலம் போட்ட கைக்கு ஸ்கேல் தேவைப்படவில்லை. கீழ் ஜன்னல் ஒன்றுக்கே 800 புள்ளிக்கு மேல் வந்தது. மாடிக்கு ஏணி பிடித்தவர் எதிர்வீட்டு மாமா. அவ்வளவு நான் பேசிய பிறகும்.

மூன்றாவது பறவைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் கூசுகிறது. மோட்டார் ரூமில் எலித் தொல்லை என்று பசை அட்டை வைத்திருந்தேன். மார்கழியில் ஒரு நாள் காலை அதில் எலி இல்லை, ஒரு புள்ளி ஆந்தை. அட்டையில் முதலில் ஒட்டிக்கொண்ட பல்லியைப் பிடிக்க இறங்கியிருக்கிறது. இரண்டு காலும் ஒரு பக்க இறக்கையும் ஒட்டிக்கொண்டு, தலையை மட்டும் முழுவதும் திருப்பி மஞ்சள் கண்ணால் என்னைப் பார்த்தது. இழுத்தால் தோலோடு வந்துவிடும் என்பதால் தொடவில்லை. அன்று கூப்பிட்ட நான்கு எண்களில் மூன்று அடித்துக்கொண்டே இருந்தன. நாலாவது எண் டாக்டர் அம்மாவுடையது. மிச்சப் பசைமேல் மாவைத் தூவி மூடுங்கள், மற்ற இறக்கையும் ஒட்டாது, அப்படியே அட்டையோடு கொண்டுவாருங்கள் என்றார். மறுபடி அக்காவின் துண்டு.

ஆட்டோ அண்ணன் பாதி வழியில் கேட்டார்: "பொட்டில என்ன சார்?" ஆந்தை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார். இறக்கிவிட்டுவிடுவாரோ என்று பயந்தேன். ஆனால் பள்ளிக்கரணை நெரிசலில் அவர் புகுந்து புறப்பட்ட வேகத்தில் பெட்டியை நான் மடியில் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. திரும்பி வர ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, அந்தச் சவாரிக்குக் காசும் வாங்கவில்லை. "வெளிய சொல்லாதீங்க சார், அப்புறம் எல்லாரும் ஆந்தையத் தூக்கிட்டு வந்துடுவாங்க." மன்னியுங்கள் அண்ணே, சொல்லிவிட்டேன்.

டாக்டர் அம்மா சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு இறகாக விடுவித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு வெதுவெதுப்பான நீரில் எண்ணெய் போக அலசினார். நடுவில் ஒரு தடவைகூட 'ஏன் வைத்தீர்கள்' என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. சில இறகுகள் முறிந்துவிட்டதால் புதிது முளைக்கும்வரை சரியாகப் பறக்க வராது என்று வனத்துறையிடம் ஒப்படைத்தார். வந்து வாங்கிக்கொண்ட வனக்காவலர், ஆந்தை எலி தின்கிற பிறவி சார், அதை விட்டால் உங்களுக்கு அட்டையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆந்தையை விட்டுவிட்டோம் என்று போனும் செய்தவர் அவரேதான். சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

பசை அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன், இப்போது இருப்பது கூண்டுப் பொறி. ஃப்ளட் லைட் பத்து மணிக்கு அணைந்துவிடுகிறது. சருகைக் கொளுத்துவதில்லை. புகைக்காக இத்தனை நாள் பொறுத்துக்கொண்ட பின்வீட்டுப் பெரியவருக்கும் அதில் சந்தோஷம்.

அக்கா, உங்கள் துண்டை மூன்று தடவை துவைத்தும் பசையும் எண்ணெயும் விடவில்லை. புதுத் துண்டு ஒன்று கொடுத்தனுப்புகிறேன். பழையதை நானே வைத்துக்கொள்கிறேன், மோட்டார் ரூம் ஆணியில், செருப்பு டப்பாவோடு.

நன்றியுடன்,
புள்ளி வைத்த ஜன்னல் வீட்டுக்காரன்