தேர்தல் செலவையும் கணக்கில் சேருங்கள்

சர்வதேச நாணய நிதியத்துக்கும், இலங்கைக்குக் கடன் கொடுத்து உதவும் நாடுகளுக்கும்,

வணக்கம். கூடலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். தோட்டத் தமிழர்களைப் பிரித்து அனுப்ப இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து இந்தியா வந்த குடும்பம் எங்களுடையது. இங்கே இன்றும் எங்களைச் சிலோன்காரர் என்றுதான் சொல்வார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது எனக்கு ஏழு வயது. அப்போது கொண்டுவந்த குடும்ப அட்டை, ஓரமெல்லாம் மடங்கி, அம்மாவின் பிஸ்கட் டின்னில் இன்னும் இருக்கிறது. அத்தை குடும்பம் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. அங்கே ஒன்று நடந்தால் அன்று ராத்திரியே இங்கே போன் வந்துவிடும்.

2022இல் அந்த நாடு திவாலானபோது எங்கள் இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. அந்த மே மாதமே தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் கப்பலில் போயின. அந்த உதவியின் அருமை எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இதை உரிமையோடு எழுதுகிறேன்.

2023 மார்ச் 9 அன்று அங்கே உள்ளூராட்சித் தேர்தல் நடந்திருக்க வேண்டும். திறைசேரி, அதாவது அரசுக் கருவூலம், பணம் தரவில்லை, தேர்தல் நின்றுபோனது. மார்ச் 19ஆம் தேதி சபைகளின் காலம் முடிந்தது. மறுநாள், மார்ச் 20ஆம் தேதி, சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு நாணய நிதியமாகிய நீங்கள் ஒப்புதல் கொடுத்தீர்கள். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. கடைசியில் மக்கள் வாக்களித்தது 2025 மே மாதம். இரண்டு வருடத்துக்கு மேல், ஊர்ப்புறத்து உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகளில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்குப் பிரதேச சபை என்றால் என்ன என்று சொல்கிறேன். தோட்டத்துக்குள் அந்தச் சபைகள் செலவு செய்யவே சட்டம் 2018இல்தான் வழிவிட்டது. அதற்கு முன் ரோடு, தண்ணீர் எல்லாம் தோட்ட நிர்வாகம் மனசு வைத்தால்தான். அட்டன் பக்கம் இருக்கும் மதினி வீட்டுக்கு ஏறும் பாதையில் ஒரு சின்னப் பாலம். மழை வந்தால் தண்ணீர் அதன் மேலே ஓடும், பிள்ளைகளைத் தோளில் தூக்கித்தான் ஸ்கூலுக்குக் கடத்துவார்கள். அந்த இரண்டு வருடமும் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை என்றார் மதினி. ஆனால் வரி நிற்கவில்லை. 2022 தொடக்கத்தில் 8 சதவீதமாக இருந்த வாட் வரி 2024 ஜனவரியில் 18 ஆனது.

வாக்கு எங்களுக்குச் சாதாரணமாகக் கிடைத்ததில்லை. இலங்கையின் 1948 சட்டம் தோட்டத் தமிழர்களான எங்கள் குடியுரிமையைப் பறித்தது, பின்னாலேயே வாக்கும் போனது. அங்கே நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வழி செய்தது. அப்படிக் கிடைத்த வாக்கைக் காசில்லை என்று தள்ளிப்போட்டால் எங்களுக்கு நெஞ்சு அடைக்கிறது.

வரி, மத்திய வங்கி, ஊழல் தடுப்பு எல்லாவற்றுக்கும் நிபந்தனை போட்டீர்கள். ஊழல் பற்றிய ஆய்வறிக்கை 2023 செப்டம்பரில் வெளியே வந்ததே, அது நல்ல வேலை. அதேபோல ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் தேர்தலுக்கு என்று தனியாகப் பணம் ஒதுக்கி, அதை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று கேளுங்கள். நுவரெலியா இருக்கும் மத்திய மாகாணத்தில் மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2013 செப்டம்பரில். அடுத்தமுறை கொழும்பில் கணக்குப் பார்க்க உட்காரும்போது அடுத்த மாகாண சபைத் தேர்தல் எப்போது, அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்ற இந்த இரண்டையும் அரசாங்கத்திடம் கேளுங்கள். அப்புறம் ஒரு நாள் அட்டனுக்கு ரயில் ஏறி, அந்தப் பாலத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
தாயகம் திரும்பிய குடும்பத்தில் ஒருவன்,
கூடலூர், நீலகிரி