கழிவுநீரில் மருந்தைத் தேடியபோது கைகொடுத்தவர்களுக்கு நன்றி

டர்பன் நகரத்துப் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கழிவுநீரில் எஞ்சும் மருந்துகளைக் கண்டறிவதும், கிருமிகளைக் கொல்லும் பெப்டைடுகளை, அதாவது அமினோ அமிலங்கள் சங்கிலியாய்க் கோத்த சிறு புரதத் துண்டுகளை, உருவாக்குவதும் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வு நிறைவுற்றிருக்கிறது. ஆய்வேட்டின் நன்றியுரை ஆங்கிலத்தில் இருப்பதால், நம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எனக்கு உதவிய பலரை அது எட்டாது. ஆகவே இந்த மடல்.

முதல் நன்றி கழிவுநீர் நிலையத்தின் இரவுப்பணியாளர்களுக்கு உரியது. ஒரு முறை மொண்ட நீர் அந்த வேளையின் நிலையை மட்டுமே காட்டும் என்பதால், 24 மணி நேரமும் மணிக்கொரு முறை எடுத்துச் சேர்த்த நீர் எனக்குத் தேவைப்பட்டது. தானியங்கிக் கருவி பழுதாகிக் கிடந்த மாதங்களில் அவர்கள் கையாலேயே மொண்டு, பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் நேரத்தைத் தெளிவாக எழுதி வைத்தார்கள். நீர் சூடேறினால் நுண்ணுயிர்கள் மருந்தைச் சிதைத்துவிடும். மீன்கடை அண்ணன் காசு வாங்காமல் தந்த பனிக்கட்டிதான் அதைக் காத்தது.

ஆய்வக நுட்பர் ஐயா, அந்த நீரை, மருந்தைப் பிடித்து வைக்கும் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறக்கும் பொறுமையைக் கற்றுத் தந்தார். நாங்கள் அளந்தது லிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கில்; 100 கோடி லிட்டர் நீரில் 1 கிராம் கரைந்தால் அது லிட்டருக்கு 1 நானோகிராம். நெவிராபின், எஃபாவிரென்ஸ் ஆகிய எச்.ஐ.வி. மருந்துகளையும், சல்ஃபாமெத்தாக்சசோல் என்ற கிருமிக்கொல்லியையும் அங்கே கண்டோம்.

இதைக் கோயில் மண்டபத்தில் விளக்கியபோது ஓர் அம்மா எழுந்து, "அப்படியானால் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?" என்று கேட்டார். அவருக்கு என் தனி நன்றி. உலகிலேயே மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் நம் தென்னாப்பிரிக்காவினுடையது. சாக்கடையில் அம்மருந்து தென்படுவது மக்கள் சிகிச்சை பெறுகிறார்கள் என்பதற்கு அடையாளம், அது நோயாளிகளின் குற்றமன்று. குறை, இவற்றை நீக்குவதற்கென அமைக்கப்படாத சுத்திகரிப்பு முறையில் இருக்கிறது. அவர் கேட்டிராவிட்டால் இதை நான் அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன்.

கிருமிக்கொல்லியின் எச்சம் நீரில் தங்கும்போது அதற்கு வளைந்து கொடுக்காத கிருமிகளே பிழைத்துப் பெருக வாய்ப்புண்டு. அதனால்தான் ஆய்வின் மறுபாதி பெப்டைடுகளை நாடியது. நம் தென்னாப்பிரிக்கக் குளங்களில் வாழும் நகத்தவளையின் தோலிலிருந்து, 1987இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப் மகைனின் என்ற பெப்டைடைக் கண்டறிந்தார்; அறுவை செய்த தவளையின் புண் அழுக்கு நீரிலும் சீழ் பிடிக்காமல் ஆறியதே அவரை அந்த வழியில் திருப்பியது. நேர்மின்னேற்றம் கொண்ட இவ்வகைப் பெப்டைடுகள், எதிர்மின்னேற்றம் கொண்ட கிருமியின் சவ்வில் ஒட்டி அதைத் துளைக்கின்றன. நாங்கள் முதலில் செய்தவை மனிதரின் சிவப்பணுக்களையும் உடைத்தன. அதை அறிவதற்கு மீண்டும் மீண்டும் இரத்தம் தந்த நண்பர்களை மறக்க இயலாது.

பின்னர், உடலின் நொதிகள் எளிதில் வெட்ட முடியாத அமினோ அமிலங்களை அமைத்துப் பெப்டைடை உறுதிப்படுத்தினோம். "உடலில் சிதையாத மருந்து சாக்கடையில் மட்டும் சிதையுமா?" என்று நுட்பர் ஐயா கேட்டார். என் ஆய்வின் இரு பாதிகளையும் இணைத்த கேள்வி அதுவே. அதைச் சோதிக்கப் புதிய கழிவுநீர் வேண்டும். வரும் திங்களிரவு மொண்டு தருவதாக அதே பணியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நன்றியுடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து உங்கள் மாணவி