பெரிய எண்ணைப் பார்த்து அட்டையை மதிப்பிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் இணைப்பில் கற்பனை அட்டை விளையாட்டுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பிள்ளைகள் சிலரிடமும் தொற்றியிருக்கும் இந்தப் பொழுதுபோக்கை ஒரு பொருட்டாக மதித்து எழுதியது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் 'வலிமை மிக்க அட்டைகள்' என்று கட்டுரையாளர் தந்திருக்கும் பட்டியல், அட்டையின் கீழ் மூலையில் உள்ள எண்ணை மட்டுமே அளவுகோலாகக் கொண்டிருப்பது சரியன்று.

1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் போரிடும் உயிரினத்தைக் குறிக்கும் கிரியேச்சர் அட்டை ஒவ்வொன்றிலும் கீழ் வலது மூலையில் தாக்கும் பலம், தாங்கும் பலம் என இரண்டு எண்கள் இருக்கும். மேல் வலது மூலையில் அதைக் களமிறக்க ஆகும் மானா செலவு இருக்கும். மானா என்பது நில அட்டைகள் முறைக்கு ஒன்றாகத் தரும் மந்திர ஆற்றல். புதியவர்களின் கண் கீழே போகிறது. ஆடித் தேர்ந்தவர்களின் கண் முதலில் மேலேதான் போகும். ஏனெனில் ஒரு முறைக்கு ஒரு நில அட்டையைத்தான் இறக்க முடியும் என்பதால், ஒன்பது மானா கேட்கும் அட்டை பெரும்பாலும் ஒன்பதாவது முறை வரை கையிலேயே முடங்கிக் கிடக்கும். ஆடுபவர் கொண்டுவரும் 60 அட்டைக் கட்டான டெக்கில் நிலங்கள் ஏறத்தாழ 24 மட்டுமே இருக்கும் என்பதால், பல ஆட்டங்கள் அந்த ஒன்பதாவது நிலத்தைக் காணாமலேயே முடிந்துவிடும்.

பட்டியலில் இடம்பெற்ற, அப்படி ஒன்பது மானா கேட்கும் 'லெவியத்தான்' என்னும் கடல் அரக்கனைப் பாருங்கள். 1994-இல் வந்த அரிய அட்டை. பலம் 10, தாங்கும் பலம் 10. எந்தச் சிறுவனும் வாயைப் பிளப்பான். ஆனால் நடுவே பொடி எழுத்தில் உள்ளதைப் படித்தால் கதை வேறு. அது சாய்ந்த நிலையில்தான், அதாவது தாக்க முடியாதபடி பக்கவாட்டில் திருப்பி வைக்கப்பட்டுத்தான், களத்துக்கு வரும், தானாக நிமிராது. நிமிர்த்த இரண்டு தீவு நிலங்களை இழக்க வேண்டும், தாக்க மேலும் இரண்டை இழக்க வேண்டும். எதிராளியின் 20 உயிர்ப் புள்ளிகளைத் தீர்க்க, குறுக்கே எவரும் தடுக்காவிட்டாலும், இரண்டு தாக்குதல்கள் வேண்டும். அதற்குள் எட்டுத் தீவுகள் போய்விடும். இடையில் எதிராளி ஒரே ஒரு நீல மானா செலவழித்து 'அன்சம்மன்' அட்டையை வீசினால் அரக்கன் உங்கள் கைக்கே திரும்பிவிடுவான்; மறுபடி இறக்க நிலமும் இருக்காது.

'லேனோவார் எல்வ்ஸ்' இதற்கு நேர் எதிர். ஒரு பச்சை மானா, 1/1 (பலம் 1, தாங்கும் பலம் 1), எளிதில் கிடைக்கும் அட்டை. முதல் முறையிலேயே இறக்கினால், இரண்டாம் முறை முதல் கூடுதலாக ஒரு மானா தந்துகொண்டே இருக்கும். எதிராளி இரண்டு மானாவில் நிற்கையில் நாம் மூன்றில் நிற்போம். ஆட்டம் முற்றிய பிறகு கையில் வந்தால் அது சோப்ளாங்கிதான், மறுக்கவில்லை. நம் மாங்காய் மண்டியில் பருமனை மட்டும் பார்த்து எவரும் விலை பேசுவதில்லை. எப்போது கைக்கு வருகிறது என்பதும் அங்கே விலைதான்.

அட்டை வீழ்த்தப்பட்டால் நமக்கு என்ன மிஞ்சும் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து மானாவுக்கு வெறும் 2/2 ஆகப் பறந்து வரும் 'மல்டிரிஃப்டர்', களமிறங்கிய உடனேயே இரண்டு அட்டைகளை எடுக்கத் தருகிறது. அடுத்த நொடியே எதிராளி அதைக் கொன்றாலும் அந்த இரண்டும் நம் கையில்தான் இருக்கும்.

பெரிய கிரியேச்சர்கள் எல்லாமே வீண் என்று நான் வாதிடவில்லை. பாக்கெட்டைப் பிரித்து, கிடைத்ததை வைத்து 40 அட்டை டெக் கட்டி ஆடும்போது, ஆட்டம் மெதுவாகவே நகரும், கொல்லும் அட்டைகளும் குறைவாகவே கிடைக்கும் என்பதால், ஆறு மானாவுக்கு எந்த நிபந்தனையும் இன்றி 6/4 தரும் 'க்ரா வர்ம்' கூடப் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. எந்த வகை ஆட்டத்துக்கு என்று குறிப்பிடாமல் வலிமையை வரிசைப்படுத்தியதுதான் கட்டுரையின் பெரும் குறை.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. எங்கள் பழையபேட்டையில் பக்கத்து வீட்டுச் சிறுவன், தன்னிடமிருந்த நான்கு எல்வ்ஸ் அட்டைகளையும் கொடுத்துவிட்டு ஒரு லெவியத்தானை வாங்கி வந்து பெருமையாகக் காட்டினான். விதி வாசகம் ஆங்கிலத்தில் இருப்பதால், படத்தையும் எண்ணையும் நம்பியே கைமாற்றியிருக்கிறான். ஆகவே அடுத்து இத்தகைய பட்டியலை வெளியிடும்போது, ஒவ்வோர் அட்டையின் மானா செலவையும் விதி வாசகத்தையும் எளிய தமிழில் உடன் அச்சிடுமாறும், 'அரியது' என்பதையும் 'வலியது' என்பதையும் தனித்தனிப் பத்திகளில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.