குமிழியும் அதன் மூடியும்

அன்புள்ள சுப்பு,

பஞ்சில் சுற்றி நீ அனுப்பிய நான்கு கண்ணாடி மணிகளும் கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லையே? கண்ணாடி உருக்கும் டார்ச் முன்னால் அதிக நேரம் உட்காராதே. சரி, மணிகளுக்கு வருகிறேன்.

பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீல மணியில் நீ வைத்த ஆறு காற்றுக் குமிழிகளில் நான்கு அருமையாக இருக்கின்றன, பாதரசத் துளியை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரி. ஐந்தாவது மேலே வந்து வாய் திறந்து, அம்மைத் தழும்பாக நிற்கிறது. ஆறாவதைக் காணவே காணோம்; அந்த இடத்தில் மேலே மூடிய கிளியர் (நிறமில்லாத கண்ணாடி) கொஞ்சம் ஆழமாக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். "துளை சரியாகப் போடவில்லை போல" என்று எழுதியிருக்கிறாய். துளையில் தப்பில்லை. மூடியதில்தான் தப்பு.

ஊசியால் துளை குத்தி, கிளியரால் மூடினால் உள்ளே சிக்கும் காற்றுதானே குமிழி. அதில் குத்துவது பாதி வேலைகூடக் கிடையாது. அடிமணி விறைப்பாக இருக்க வேண்டும், மேலே வைக்கும் கிளியர் இளகியிருக்க வேண்டும். இந்த வித்தியாசம் இருந்தால்தான் குமிழி நிற்கும். இரண்டும் இளகியிருந்தால் துளை தானே மூடிக்கொள்ளும், அல்லது கிளியர் உள்ளே வழிந்து நிரப்பிவிடும். உன் ஆறாவதுக்கு நடந்தது அதுதான்.

அடுத்த முறை இப்படிச் செய்து பார். 2.4 மி.மீ. மாண்ட்ரலில் (மணி சுற்றும் கம்பியில்) 10 மி.மீ. விட்டத்துக்கு நீலத்தைச் சுற்றி, கிராஃபைட்டில் உருட்டி உருண்டையாக்கு. சூட்டின் சிவப்பு முழுக்க அடங்கட்டும். நடு வட்டத்தில் 2 மி.மீ. அளவில் ஆறு கண்ணாடிப் புள்ளி வைத்து மட்டமாக இளக்கு. புள்ளி இல்லாமலும் குத்தலாம். ஆனால் புள்ளி இருந்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும், குமிழிக்கு அடியில் ஒரு வண்ணமும் கிடைக்கும். பிறகு தீயைச் சுருக்கி, ஒரு புள்ளியின் நடு மட்டும் ஆரஞ்சாகும்வரை காட்டு. தீயை விட்டு வெளியே எடுத்து, டங்ஸ்டன் ஊசியை நேர்க்குத்தாக 1.5 மி.மீ. இறக்கி அந்த நொடியே எடுத்துவிடு. தாமதித்தால் ஊசி ஒட்டிக்கொள்ளும்; பிடுங்கும்போது நூல் இழுத்துக்கொண்டு வரும், துளையின் வாயும் கோணலாகிவிடும். ஒவ்வொரு குத்துக்குப் பிறகும் ஊசியைத் தண்ணீரில் தொட்டு, துணியில் நன்றாக ஒற்றி எடு. சூடான ஊசிதான் ஒட்டும். ஈரத்தோடும் குத்தாதே.

ஆறையும் குத்தி முடிக்கும்வரை மூடாதே. ஆறாவதைக் குத்தும்போது முதல் துளை இறுகியிருக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் மணி மொத்தமாக ஆறிவிடவும் கூடாது. இடையிடையே தீயின் வால் பகுதியில் ஓரிரண்டு சுற்று சுற்றி எடு, இல்லாவிட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கதை முடிந்தது.

மூடும்போது கிளியர் குச்சியின் நுனியில் 3 மி.மீ. உருண்டை திரளட்டும். சொட்டப் போகிற நிலையில் வைக்காதே. திரண்ட பிறகு ஒரு நொடி தீக்கு வெளியே பிடித்துவிட்டு, துளையின் மேல் நேராக வைத்து, அழுத்தாமல், குச்சியைத் தீயால் அறுத்துவிடு. துளையின் விளிம்பு சுற்றிலும் கிளியருக்கு அடியில் போயிருக்கிறதா என்று சாய்த்துப் பார். ஒரு பக்கம் சிறு சந்து இருந்தாலும் காற்று அது வழியே போய்விடும். ஆறும் மூடிய பிறகு மணி முழுவதற்கும் மெல்லச் சூடு காட்டு. கூம்பாக இருந்த துளை முனை மழுங்கி, முட்டையாகி, உருண்டையாகும். உருண்டையானதும் நிறுத்திவிடு. இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் கை நிற்க மாட்டேன் என்கிறது.

உன் ஐந்தாவதின் கதை இங்கே வருகிறது. மூடி மெல்லிசாக இருந்தது, சூடு அதிகமாகப் போனது. விரிவுக்கெழு (சூட்டில் விரியும் அளவு) 104 என்று குறித்த நம் கண்ணாடி 565 டிகிரி செல்சியஸ் அளவில் இளக ஆரம்பிக்கும். நன்றாக ஓடுவதற்கு 930 அளவு வேண்டும். இந்த இடைவெளியில் உள்ளே அடைபட்ட காற்றின் கன அளவு ஏறக்குறைய 1.4 மடங்காகும். மேலே இருக்கும் கிளியரும் அதே நேரத்தில் பக்கவாட்டில் ஓடி மெலியும். உள்ளேயிருந்து தள்ளுகிறது, மேலே தோல் மெலிகிறது, வாய் திறந்துவிடுகிறது. குமிழியின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு கனம் மேலே கிளியர் இருக்கட்டும். புள்ளியால் மூடிய பிறகு மணி முழுக்க இன்னொரு கிளியர் போர்வை போட்டால் நிம்மதி.

குமிழி வைத்த மணி நாளாவட்டத்தில் வெடிக்குமா என்று கேட்டிருந்தாய். காற்றால் வெடிக்காது. கண்ணாடி இறுகும் நேரத்தில் உள்ளே இருந்தது கொதிக்கும் காற்று. மணி ஆறியதும் அதன் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிடும். உள்ளே வெளியைவிட அழுத்தம் குறைவுதான், வெளியே தள்ளுவதற்கு அங்கே ஆளில்லை. வெடித்தால் காரணம் சூளையில் மெல்ல ஆறிச் சரியாகப் பதப்படாதது, அல்லது விரிவுக்கெழு ஒத்துவராத கண்ணாடியைக் கலந்தது. 104 என்றால் எல்லாமே 104. 90, 33 என்று எழுதிய குச்சித் துண்டுகளை அந்த மேஜைக்கே கொண்டுவராதே.

வெள்ளை அடிமணியில் குமிழி எடுபடவில்லை என்ற உன் குறை நியாயம்தான், ஆனால் அதைத் தீயில் சரிசெய்ய முடியாது. கண்ணாடிக்குள்ளிருந்து காற்றுக்குப் போகும் ஒளி, செங்குத்திலிருந்து சுமார் 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்தால் முழுவதும் திரும்பிவிடும். குமிழியின் விளிம்பு வெள்ளியாக மின்னுவது அதனால்தான். அந்த மினுமினுப்புக்கு இருட்டு வேண்டும். கோபால்ட் நீலம், ஊதா, கருப்புக்கு மேல் ஒரு மயிரிழை கிளியர் என்று வைத்துப் பார். மணியின் வளைவே பூதக்கண்ணாடி வேலை செய்வதால் உள்ளே 1 மி.மீ. இருப்பது வெளியே இன்னும் பெரிதாகத் தெரியும். குமிழியைப் பெரிதாக்கப் போராடாதே.

ஆப்ப சோடா போட்ட பச்சை மணிக்கு வருவோம். ஒரு பக்கம் கோலி சோடாவைப் பார்ப்பது மாதிரி பொடிக் குமிழிகள், மறுபக்கம் நுரை. சோடா கட்டி தட்டியிருந்திருக்கும், மழைக்காலத்தில் அப்படித்தான் ஆகும். டீ வடிகட்டியில் சலித்து, எவர்சில்வர் தட்டில் மெல்லிசாகப் பரப்பிக்கொள். மணி லேசாக ஆரஞ்சாக இருக்கும்போது ஒரே ஒரு உருட்டு. திருநீறு பூசியது மாதிரி தெரிந்தால் போதும். மாவில் புரட்டிய பஜ்ஜி மாதிரி ஆகிவிட்டால் தட்டி உதிர்த்துவிடு. தாமதிக்காமல் கிளியரைப் போர்த்து. சோடா சூட்டில் பிரிந்து கரியமில வாயுவையும் நீராவியையும் விடும், அதுதான் குமிழி. போர்த்துவதற்கு முன்பே தீயில் நேரத்தைக் கடத்தினால் வாயு முழுக்க வெளியே போய்விடும், மேற்பரப்பில் குழிகள்தான் மிஞ்சும். தீயில் மஞ்சள் எகிறும்; மஞ்சளை வடிகட்டும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் அது தெரியாது, ஆகவே வேலை நடக்கிறதா என்று அந்த மஞ்சளை வைத்துக் கணக்குப் போடாதே.

வாயு போன பிறகு மிஞ்சுவது சோடியம் கார்பனேட். அது கண்ணாடியில் கரைந்து அந்த அடுக்கை இளக்கமாக்கிவிடும். இரண்டு ஓரங்களிலும் 2 மி.மீ. விட்டுவிடு, சோடா பட்ட இடம் எதுவும் கிளியருக்கு வெளியே தெரியக் கூடாது. பேக்கிங் பவுடர் வேண்டாம். அதில் ஸ்டார்ச் இருக்கிறது, கருகிக் கறுப்பாகப் படியும்.

மூன்றாவது மணியில் நீ வேண்டுமென்றே வைக்காத குமிழிகள்தான் அதிகம்! நீட்டு நீட்டாக, மணியைச் சுற்றி வளையமாக ஓடுகின்றன. கிளியரைச் சுற்றும்போது ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே பள்ளம் விட்டு, அதன் மேல் போர்த்தியிருக்கிறாய். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் தோளில் ஏறி உட்கார வேண்டும். இந்த வளையக் குமிழி ஒரு விதத்தில் கையெழுத்துதான். சுற்றிச் செய்த மணியில் குமிழிகள் நூல் கோக்கும் துளையைச் சுற்றி ஓடும். குழாயாக இழுத்து நறுக்கிய மணியில் துளைக்கு இணையாக நீண்டு கிடக்கும். அரிக்கமேட்டில் கிடைக்கும் இழுத்துச் செய்த சிறு பாசிகளை லென்ஸில் பார்த்தால் இந்த இரண்டாவது வகைதான் தெரியும். புதுச்சேரிப் பக்கம் போனால் அருங்காட்சியகத்தில் நின்று பார்.

இன்னொன்று, அந்த மணியில் கிளியருக்குள் சாம்பல் புகை மாதிரி பொடிகள் இருக்கின்றன. இரண்டு காரணம் இருக்கலாம். குச்சியைத் தீயின் நீல முனைகளுக்கு மிக அருகில் பிடித்தால் கிளியர் கொதித்துப் பொடிநுரை விடும். 7, 8 செ.மீ. தள்ளிப் பிடி. இல்லையென்றால் ஆக்ஸிஜன் குறைந்து கரி படிந்திருக்கும். வேலைக்கு முன் குச்சியை ஸ்பிரிட்டில் துடை. வெட்டு வாயில் சிம்பு இருந்தால் முதலில் உருகும் அந்த நுனியை இடுக்கியால் கிள்ளி எறிந்துவிடு, மிச்சம் பிடிக்காதே.

நான்காவது மணியில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. செங்கல் அடுக்கு மாதிரி மாற்றி மாற்றி வைத்த புள்ளிகளை இளக்காமல் புடைப்பாகவே விட்டு, விறைப்பான கிளியர் பட்டையை அவற்றின் தலைமேல் படுக்க வைத்திருக்கிறாய். இடைப்பள்ளங்களில் காற்று தானே அடைபட்டிருக்கிறது. ஊசியே வேண்டாம். குமிழிகள் எல்லாம் ஒரே அளவாக வராது, ஆனால் எனக்கு உன் நீல மணியைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

சூளையில் எத்தனை டிகிரி வைக்கிறாய் என்று எழுதவில்லை. 515 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்கு 55 டிகிரி வீதம் 370 வரை இறக்கி, பிறகு அணைத்துவிடு. குமிழி வைத்த மணியில் கனம் இடத்துக்கு இடம் மாறும், அவசரம் கூடாது. மணியைச் சூளையில் வைக்கும்போது உள்ளே சிவப்பு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெளியே சுற்று. இளகிய மணி சூளைத் தரையின் தடத்தை வாங்கிக்கொள்ளும்.

நீல மணியைத் திருப்பி அனுப்பவில்லை, ஜன்னலோரம் நூலில் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த பார்சலில் கருப்பு அடிமணியில் ஆறு குமிழி வைத்து ஒன்று அனுப்பு. கூடவே நீ குத்தும் ஊசியின் படத்தையும் வை. அதன் முனை எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி