ஈஸ்ட் செல் ஏன் வெடிக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த ஈஸ்ட் பற்றிய கட்டுரை, பிகேசி1 மரபணுவை நீக்கினால் செல் இறந்துவிடும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. அது பிழையன்று, ஆனால் எப்படி இறக்கிறது என்பதில்தான் சுவையே இருக்கிறது.

1990-இல் ஆய்வாளர் டேவிட் லெவின் குழுவினர் அறிவித்த இம்மரபணு, புரதக் கைனேஸ் சி வகை நொதியை, அதாவது பிற புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்த்துக் கட்டளை கடத்தும் நொதியை, தருகிறது. அதை இழந்த செல், சிறு மொட்டு விட்ட நிலையில் வெடித்துவிடுகிறது. ஆயினும், வளர்ப்பு ஊடகத்தில் சர்க்கரை போன்ற சார்பிட்டாலைக் கரைத்து, நீர் உட்புகும் வேகத்தைத் தணித்துவிட்டால், அதே செல் பிழைத்துப் பெருகுகிறது. ஆகவே, பழுதுபட்டது செல்சுவரே என்று ஆய்வாளர்கள் ஊகித்தனர்.

இக்குறையை ஈடுகட்டும் திடீர்மாற்றங்களைத் தேடியபோது பிகேசி1-இன் கட்டளையை அடுத்த நிலைக்குக் கடத்தும் பிசிகே1 என்ற மரபணு கிடைத்தது. (இவ்விரு பெயர்களும் மெய்ப்புத் திருத்துபவரைத் திணறடிக்கும் என்பதை அறிவேன்.) அதனை நீக்கிய செல்களோ வழக்கமான வெப்பநிலையில் வாழ்ந்து, 37 டிகிரி செல்சியஸில் மட்டுமே வெடிக்கின்றன. பிகேசி1-இன் கட்டளை பிசிகே1 என்ற ஒரே வழியில் மட்டும் செல்லவில்லை என்பதை இந்த வேறுபாடே உணர்த்தியது.

பிகேசி1-ஐத் தூண்டும் ரோ1 புரதம், சுவருக்கான குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலியை உருவாக்கும் நொதியையும் இயக்குகிறது. பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் காஸ்போஃபன்ஜின் மருந்து தாக்குவது அந்த நொதியைத்தான். மனித செல்லுக்குச் சுவர் இல்லை என்பதால் இம்மருந்தின் இலக்கு நம் உடலில் இல்லை. கட்டுரையாளர் இதற்கும் நான்கு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்